காசி வேறு, தென்காசி வேறு!

(இறுதியாண்டு, கம்ப்யூட்டர் என்ஜினியரிங்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழு கேட்டதும், நானும் மற்றவர்களைப் போல ஒரு கவிதை எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். குற்றாலத்துப் பக்கம் பிறந்துவிட்டு அருவியைப் பற்றி ஒரு கவிதைகூட எழுதவில்லை என்றால் எப்படி? "அருவியே!" என்று ஒரு வரி எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. அருவியைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது வேறு விஷயம். அதில் ஒரு தப்பு இருக்கிறது. நான் செய்த தப்பு. அதை எழுதினால் உங்களில் நாலு பேருக்காவது உதவும் என்று தோன்றியது. அதனால் கவிதை தப்பித்தது!

முதலில் ஒரு சின்னக் கேள்வி. ஒரு பட்டியலில் 'காசி' என்று தேடுகிறீர்கள். என்னென்ன ஊர் கிடைக்கும்? காசி கிடைக்கும், சரி. சிவகாசியும் கிடைக்கும். நம்ம தென்காசியும் கிடைக்கும். மூன்றிலும் 'காசி' இருக்கிறதே! கங்கையில் குளிக்கக் கிளம்பினவரைப் பட்டாசுக் கடையில் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும்? கிட்டத்தட்ட அந்த வேலையைத்தான் நான் செய்தேன்.

2025 மே விடுமுறையில் தென்காசியில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டரில் இன்பிளான்ட் ட்ரெய்னிங் போனேன். மாடியில் ஒரே அறை. ஜெராக்ஸ், ரயில் டிக்கெட், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கூடவே வெப்சைட். மத்தளம்பாறைக்கு ஸோஹோ வந்த பிறகு 'சென்னைக்குப் போனால்தான் சாஃப்ட்வேர்' என்ற பேச்சு நம் பக்கத்தில் குறைந்துவிட்டது அல்லவா? அந்தத் தைரியத்தில் நடக்கிற சென்டர். சிஸ்டம் பார்க்கிற அக்காவும் நம்மைப் போல டிப்ளமோ முடித்தவர்தான். ட்ரெய்னிங் முடிந்தும், சாரல் சீசனில் சனி ஞாயிறு மட்டும் வந்து போ என்று சொல்லியிருந்தார்.

அங்கே ஒரு வாடிக்கையாளர், குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கிற அண்ணாச்சி. அவருடைய வெப்சைட்டில் ரூம் வாடகையைவிட முக்கியமான பக்கம் ஒன்று உண்டு. இன்றைக்கு எந்த அருவியில் குளிக்கலாம், எதில் தடை என்று சொல்லும் பக்கம். ஒவ்வொரு அருவிக்கும் ஒரு முகவரி. அண்ணாச்சி காலையிலும் மாலையிலும் அருவிக்கரையில் விசாரித்துவிட்டு, தன் போனிலேயே பச்சையோ சிவப்போ அமுக்குவார். லாட்ஜ் வரவேற்பறையில் அருவிக்கு ஒன்றாகக் க்யூஆர் கோடு ஒட்டியிருக்கும். வந்தவர்கள் அதை ஸ்கேன் செய்தால் பெரிய எழுத்தில் 'குளிக்கலாம்' அல்லது 'தடை' என்று வரும்.

இது ஏன் முக்கியம் என்று நமக்குத் தெரியும். பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டினால் உடனே தடை. பேரருவி சாதாரணமாக இருக்கும்போதே மற்ற அருவியில் தடை இருக்கலாம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். நம் வயதுப் பையன். அதற்கப்புறம்தான் அண்ணாச்சி இந்தப் பக்கத்தையே கேட்டு வாங்கினார். முகவரியும் தமிழிலேயே இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. "நம்ம அருவிக்கு நம்ம பேரு இருக்கட்டும்டே" என்றாராம்.

இப்போது கொஞ்சம் பாடம். கொட்டாவி விடாமல் கேளுங்கள்!

வெப் சர்வர் என்பது லாட்ஜ் வரவேற்பறை மாதிரி. வருகிறவர் ஒரு முகவரி சொல்வார். அந்தப் பெயரில் ஒரு ஃபைல் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. வரவேற்பறையில் இருப்பவர் கையில் ஒரு விதிப் பட்டியல் இருக்கிறது. 'இன்ன மாதிரிக் கேட்டால் இன்ன அறைக்கு அனுப்பு.' இதுதான் ரீரைட் விதி. அனுப்புவதில் இரண்டு வகை. ஒன்று, வந்தவருக்குத் தெரியாமலே உள்ளே வேறு பக்கத்தை எடுத்துக் கொடுத்துவிடுவது. இன்னொன்று, 'அந்த விலாசம் மாறிப்போச்சு, இங்கே போங்க' என்று திருப்பி அனுப்புவது. 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டம் ஆனபோது, கடை போர்டில் திருநெல்வேலி மாவட்டம் என்பதை அழித்து எழுதினோமே, அது இரண்டாவது வகை. நிரந்தர மாற்றத்துக்கு எண் 301, தற்காலிகத்துக்கு 302.

அப்பாச்சி சர்வரில் இந்த வேலை செய்கிற பகுதிக்கு 'மாட் ரீரைட்' என்று பெயர். ஜெர்மனியின் ரால்ஃப் எங்கெல்ஷால் 1996-ல் எழுதி, 1997-ல் அப்பாச்சி குழுவுக்கே கொடுத்தது. 'இன்ன மாதிரி' என்பதை எழுத உதவுவது ரெகுலர் எக்ஸ்பிரஷன். ஸ்டீபன் கிளீனி என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1950-களில் தாளில் போட்ட கணக்கு அது. 1968-ல் கென் தாம்சன் அதைக் கம்ப்யூட்டரில் எழுத்துத் தேடும் கருவியாக்கினார். லினக்ஸ் லேபில் நாம் அடிக்கிற 'கிரெப்' அந்த வம்சம்தான்.

இது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று பயப்பட வேண்டாம். 'மரம்' என்பதோடு 'கள்' சேர்ந்தால் 'மரங்கள்' என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது என்ன? கடைசியில் 'ம்' இருந்து, அடுத்து 'க' வந்தால், 'ம்' போய் 'ங்' வரும். வடிவம் ஒன்று, மாற்று ஒன்று. அசல் ரீரைட் விதி! அதில் 'கடைசியில்' என்ற வார்த்தைதான் உயிர்.  இந்தக் 'கடைசியில்' என்பதை எழுத ரெகுலர் எக்ஸ்பிரஷனில் ஒரு டாலர் குறி $. 'தொடக்கத்தில்' என்பதற்கு ஒரு தொப்பி ^. இந்தத் தொப்பியும் டாலரும் இல்லாததுதான் என் கதை.

அக்கா எழுதி வைத்திருந்த பட்டியலில் முதல் விதி 'பழைய-குற்றாலம்' என்று வந்தால் பழைய குற்றாலம் பக்கம். நாலைந்து விதி தள்ளி, 'குற்றாலம்' என்று வந்தால் பேரருவிப் பக்கம். பேரருவியை ஊரில் பாதிப் பேர் சும்மா 'குற்றாலம்' என்றுதானே சொல்கிறோம்? அண்ணாச்சியின் பழைய விசிட்டிங் கார்டிலும் அந்த முகவரிதான் அச்சாகியிருந்தது. எந்த விதியிலும் தொப்பியும் இல்லை, டாலரும் இல்லை. ஆனாலும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானம் காலேஜ் இல்லாததால் சென்டருக்குப் போனேன். அக்கா வெளியே போயிருந்தார். அந்த விதி ஃபைலைத் திறந்து பார்த்தேன். தாறுமாறாகக் கிடப்பதாகத் தோன்றியது. 'நாம் வந்ததற்கு ஒரு அடையாளம் வேண்டாமா?' என்று எல்லாவற்றையும் அகர வரிசையில் அடுக்கினேன். ஐந்தருவி, குற்றாலம், சிற்றருவி, பழைய-குற்றாலம், புலியருவி, பேரருவி. பார்க்க லட்சணமாக இருந்தது! 'குற்றாலம்' அடித்துப் பார்த்தேன், பேரருவி வந்தது. 'ஐந்தருவி' அடித்தேன், ஐந்தருவி வந்தது. சர்வரில் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். அண்ணாச்சியிடமிருந்து போன். சிவகாசியிலிருந்து வேன் பிடித்து வந்த ஒரு குடும்பம், பாட்டி, குழந்தைகள் எல்லாருமாகப் பழைய குற்றாலத்துக்கான கோடை ஸ்கேன் செய்திருக்கிறார்கள். பச்சை. 'குளிக்கலாம்.' போயிருக்கிறார்கள். அங்கே தண்ணீர் பயங்கரமாகக் கொட்டுகிறது. தடுப்புப் போட்டு நின்ற போலீஸ்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். நனைந்த கோழி மாதிரி திரும்பி வந்து அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"என்னடே இப்படிக் காட்டுது?" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா நண்பர்களே? ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "நீங்க பட்டனை மாத்தி அமுக்கியிருப்பீங்க அண்ணாச்சி" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "இருக்கும்டே. கண்ணாடி போடாம அமுக்கிட்டேன் போல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டு, ஒரு நாள் வாடகையையும் திருப்பிக் கொடுத்திருக்கிறார். இது எனக்குச் சாயங்காலம்தான் தெரியும்.

அக்காவிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. டேட்டாபேஸைத் திறந்தார். பழைய குற்றாலம்: தடை. காலை ஆறு மணிக்கே அமுக்கியிருக்கிறார். கண்ணாடி போட்டாரோ இல்லையோ, அண்ணாச்சி சரியாகத்தான் அமுக்கியிருந்தார்.

"மொதல்ல தண்ணிய அடை, அப்புறம் குழாயைப் பாரு" என்றார் அக்கா. எல்லா அருவியையும் சிவப்பாக்கினார். அண்ணாச்சிக்குப் போன் போட்டு, வரவேற்பறையில் ஒட்டியிருந்த கோடுகளையெல்லாம் கிழிக்கச் சொன்னார். வீணாகச் சிவப்பு காட்டினால் ஒருவர் குளிக்காமல் போவார், அவ்வளவுதான். வீணாகப் பச்சை காட்டினால்? அந்தப் போலீஸ்காரர் அந்த நேரம் வேறு பக்கம் போயிருந்தால்? எனக்கு அப்போதுதான் கை நடுங்கியது.

பிறகு தேடல். முதலில் பிரௌசர் பழையதை ஞாபகம் வைத்துக் காட்டுகிறதோ என்று சந்தேகம். துடைத்துவிட்டுப் பார்த்தோம். அதே பச்சை. அடுத்து நான் பழியைத் தமிழ் மேலேயே போட்டேன். "தமிழ்ல முகவரி வெச்சா இப்படித்தான் ஆகும்க்கா" என்றேன். அக்கா ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடச் சொன்னார். 'குற்றாலம்' நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் உயிர்க்குறி, புள்ளி எல்லாம் தனித்தனி என்பதால் ஒன்பது. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆக 27 பைட். அப்பாச்சியில் விதிக்குள் ஒரு புள்ளி . வைத்தால் அது ஒரு தமிழ் எழுத்தைப் பிடிக்காது, ஒரு பைட்டைத்தான் பிடிக்கும். தமிழ் முகவரிக்கு விதி எழுதுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் எங்கள் விதியில் புள்ளியே இல்லை. எழுத்துக்கு எழுத்து நேராக எழுதியிருந்தது. எனவே தமிழ் நிரபராதி!

மூன்றாவதாக, பழைய குற்றாலம் விதியை மட்டும் ^/பழைய-குற்றாலம்$ என்று மாற்றிப் பார்த்தேன். தொப்பி, டாலர் எல்லாம் போட்டும் பயனில்லை. அக்கா எட்டிப் பார்த்து, "அந்தச் சாய்கோட்டை எடு" என்றார். சர்வரின் தலைமை ஃபைலில் விதி எழுதினால் முகவரி / என்று தொடங்கும். நாங்கள் எழுதியது ஃபோல்டருக்குள் இருக்கும் டாட் எச்டிஆக்சஸ் ஃபைலில். அங்கே வருவதற்குள் முன்னால் இருக்கிற சாய்கோட்டைச் சர்வரே கழற்றிவிடும். கழற்றிய செருப்பைக் கோயிலுக்குள் தேடின கதைதான். எடுத்தேன். அப்பவும் பச்சை! என் விதியைச் சர்வர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று தோன்றியது.

"ஊகிச்சது போதும். அதுவே சொல்லட்டும்" என்றார் அக்கா. வாடகைச் சர்வரில் லாக் அளவைக் கூட்ட நமக்கு அனுமதி இல்லை. சென்டரில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸும் அப்பாச்சியும் போட்டு, அதே ஃபைல்களை ஏற்றினோம். ரீரைட்டுக்கு மட்டும் லாக் அளவை 'ட்ரேஸ் 3' வரை உயர்த்தினோம். இப்போது சர்வர் ஒவ்வொரு விதியையும் எந்த முகவரி மேல் வைத்துப் பார்க்கிறது என்று வரி வரியாக எழுதும். முகவரியை ஒருமுறை கூப்பிட்டோம்.

லாக் தமிழைத் தமிழாகக் காட்டாது. ஒவ்வொரு பைட்டையும் ஒரு சாய்கோடு போட்டுக் குறியீடாகக் கொட்டும். திரை முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அந்த எறும்பு வரிசைக்கு நடுவே ஒரே ஒரு சிறு கோடு தெளிவாகத் தெரிந்தது. 'பழைய' என்பதற்கும் 'குற்றாலம்' என்பதற்கும் நடுவில் இருக்கிற கோடு! அதற்குப் பின்னால் எண்ணிப் பார்த்தேன். 27. அதே வரியில், சர்வர் வைத்துப் பார்த்த விதியையும் எண்ணினேன். அதுவும் 27. இரண்டும் குறிக்குக் குறி ஒன்று.

பொருந்திவிட்டது. ஏன் பொருந்தாது? 'பழைய-குற்றாலம்' என்பதற்குள் 'குற்றாலம்' இருக்கிறதே! என் அகர வரிசையில் 'கு' முன்னால், 'ப' பின்னால். 'குற்றாலம்' விதி முதலில் பிடித்துப் பேரருவிப் பக்கத்தைக் கொடுத்து, 'இத்தோடு போதும்' என்று முடித்துவிட்டது. உள்ளுக்குள்ளேயே மாற்றியதால் பிரௌசரில் முகவரி மட்டும் 'பழைய-குற்றாலம்' என்றே நின்றது. அன்று பேரருவியில் தடையில்லை. அதன் பச்சை, பழைய குற்றாலத்தின் பெயரில் போய் நின்றது. காசிக்கும் தென்காசிக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவனை வரவேற்பறையில் முதல் ஆளாக உட்கார வைத்தது நான்தான்.

இலக்கணத்தில் பொதுவிதி முன்னால் வரும், அதற்கு அடங்காததைச் சொல்லும் புறனடை கடைசியில் வரும். இந்த விதிப் பட்டியலில் தலைகீழ். சிறப்பு விதி மேலே, பொதுவிதி கீழே. அக்காவின் 'தாறுமாறான' வரிசைக்கு அர்த்தம் இருந்தது. எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை. அக்காவும் விட்டுக்கொடுக்காமல் சொன்னார்: "நானும் தொப்பியும் டாலரும் போடாமத்தான் எழுதிருக்கேன். வரிசைதான் இத்தனை நாள் என்னைக் காப்பாத்திருக்கு. வரிசையை ஏன் அப்படி வெச்சேன்னு ஒரு வரி எழுதி வெச்சிருந்தா நீ தொட்டிருக்க மாட்டே."

பழைய வரிசைக்கே மாற்றினோம். எல்லா விதிக்கும் தொடக்கமும் முடிவும் போட்டோம்: ^குற்றாலம்$, ^பழைய-குற்றாலம்$. பிறகு ஒரு தாளில் இடப்பக்கம் முகவரி, வலப்பக்கம் வர வேண்டிய பக்கம் என்று எழுதி ஒவ்வொன்றாக டிக் அடித்தோம். 'புதிய-குற்றாலம்' என்று இல்லாத ஒன்றையும் கேட்டுப் பார்த்தோம். 404 வந்தது. 'கிடையாது' என்ற அந்தப் பதிலைப் பார்த்து அன்றைக்குத்தான் சந்தோஷப்பட்டேன்!

சாயங்காலம் பஸ் ஏறிக் குற்றாலம் போனேன். போன் பண்ணியே சொல்லியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. அண்ணாச்சி வரவேற்பறையில் கோடு கிழித்த இடத்தில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டு, சாக்பீஸால் ஒவ்வொரு அருவி பெயரும் எழுதி வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, நீங்க சரியாத்தான் அமுக்கியிருந்தீங்க. தப்பு என் மேல. தெரியாமலே உங்க மேல போட்டுட்டேன்" என்றேன். நடந்ததையும் சொன்னேன்.

வாடகை திருப்பிக் கொடுத்ததை அப்போதுதான் சொன்னார். அதை நான் கொடுக்கிறேன் என்றேன். "படிக்கிற பய, நீ எங்கடே போவ துட்டுக்கு? விடு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வந்து சொன்னேல்லா, அது போதும். ஆனா ஒண்ணு, இந்த அட்டை இங்கனயே தொங்கட்டும். உன் கம்ப்யூட்டர் ஒரு பக்கம், என் சாக்பீஸ் ஒரு பக்கம். ரெண்டும் ஒத்து வந்தாத்தான் பச்சை" என்றார். படிக்காத மனுஷன் சொன்ன அந்தச் சோதனை முறை எங்கள் பாடப் புத்தகத்தில் இல்லை. அட்டை இன்றும் தொங்குகிறது.

நண்பர்களே, நாளைக்கு நீங்களும் இந்த வேலைக்குப் போவீர்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. விதிக்குத் தொப்பியும் டாலரும் போடுங்கள். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று சொல்லாத விதி ஊரில் உள்ளதையெல்லாம் பிடிக்கும்.

2. சிறப்பு விதி மேலே, பொதுவிதி கீழே. வரிசைக்குக் காரணம் இருந்தால் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

3. டாட் எச்டிஆக்சஸில் முன்சாய்கோடு கிடையாது. முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதை ரீரைட் விதியின் வடிவம் பார்க்காது. அதற்குத் தனி நிபந்தனை எழுத வேண்டும். அந்த நிபந்தனையும் அடுத்து வருகிற ஒரே ஒரு விதிக்குத்தான் செல்லும்.

4. சோதிக்கும்போது 302 வையுங்கள். 301 வைத்தால் பிரௌசர் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, நீங்கள் திருத்திய பிறகும் பழைய இடத்துக்கே ஓடும்.

5. வர வேண்டியது வருகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். வரக்கூடாதது வருகிறதா என்றும் பாருங்கள்.

6. ஊகிக்காதீர்கள். லாக்கைப் படியுங்கள்.

ஏழாவது ஒன்று உண்டு. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. தப்பு என்று போன் வந்த நொடியில் என் வாய் ஒரு விதியை ஓட்டியது: 'தப்பு என்றால் அடுத்தவர்.' அதற்கும் தொப்பி இல்லை, டாலர் இல்லை. யார் எதிரே இருந்தாலும் பொருந்திவிடும். முதலில் அண்ணாச்சி மாட்டினார். அப்புறம் பிரௌசர். அப்புறம் பாவம், தமிழ். கடைசியாகத்தான் என் பெயர் வந்தது.

இப்போது என் விதிப் பட்டியலில் 'முதலில் நேற்று நீ எதைத் தொட்டாய் என்று பார்' என்பதை எல்லாவற்றுக்கும் மேலே தூக்கி வைத்திருக்கிறேன். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு முடிந்து சாரலுக்கு வாருங்கள், சேர்ந்து குளிப்போம். கிளம்பும் முன் அண்ணாச்சியின் அட்டையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்!